ஏற்காட்டுச் சரிவில் ஒரு டூ-லைனர்: 21 மில்லிமீட்டர் பிசகின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பைலட் சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். வயது முப்பதுகளின் நடுவில். பாராகிளைடிங்கில் ஆறு வருடம் ஆகிறது, லாக் புத்தகத்தில் 260 மணி நேரம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இமாசலப் பிரதேசத்தின் பீர் பில்லிங்கில் பறந்தது, 2015-இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த அதே இடம். மீதி ஏலகிரியிலும் ஏற்காட்டுச் சரிவிலும். கடைசி மூன்று வருடம் ஈஎன்-சி வகுப்பு விங் (பாராகிளைடரின் துணிச் சிறகு) ஒன்றில் பறந்துகொண்டிருந்தார். ஈஎன் என்பது ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம், எளிதான ஏ-யிலிருந்து கடினமான டி வரை நான்கு படி. நிதானமான கை. அவரைப் பழக்கியதில் எனக்குப் பங்கு உண்டு. இந்த விங்கில் பறக்கலாம் என்று தலையாட்டியவனும் நான்தான். கீழே ‘முடிவு செய்தோம்’ என்று வரும் இடங்களில் பெரும்பாலும் அது என் முடிவு.

அடுத்த சீசனில் போட்டியில் கலந்துகொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக சிசிசி என்ற, போட்டிக்கென்றே உள்ள வகுப்பைச் சேர்ந்த பழைய போட்டி விங் ஒன்றை வாங்கினார். ஏற்கெனவே 180 மணி நேரம் பறந்த விங். ஈஎன்-சியிலிருந்து நேராக சிசிசி என்றால் நடுவில் ஈஎன்-டி என்ற படியைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். இது எனக்கு அப்போதே உறுத்தியது. ‘நல்ல கை, சமாளித்துக்கொள்வான்’ என்று விட்டுவிட்டேன்.

போட்டி விங் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு விளக்கம். சாதாரண விங்கில் முன்னிருந்து பின்னாக ஏ, பி, சி என்று மூன்று வரிசை லைன், அதாவது விங்கைத் தாங்கும் மெல்லிய கயிறுகள், இருக்கும். போட்டி விங்கில் ஏ, பி என்று இரண்டே வரிசை, அதனால்தான் டூ-லைனர் என்று பெயர். லைன் குறைந்தால் இழுவை குறையும், அதே உயரத்தை வைத்துக்கொண்டு இன்னும் தூரம் போகலாம். காலால் மிதித்து வேகம் கூட்டும் ஸ்பீட் பாரை மிதித்துப் போகும்போது, பின் விளிம்பைக் கீழே இழுக்கும் பிரேக்கைத் தொடக்கூடாது. பின் ரைசரில் (லைன்களைப் பைலட்டின் இருக்கையோடு இணைக்கும் பட்டை) இருக்கும் பி கைப்பிடியைத்தான் பிடித்துச் சமாளிக்க வேண்டும். விங் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் ஒரு பக்கம் மடிந்தால் அதன் நுனி லைனுக்குள் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். தொடக்கநிலை விங் கையை எடுத்தாலே தானாக மீண்டு வரும். அந்தக் குணத்தைச் சிசிசி விங்கிடம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

விங் வந்ததும் செய்தவை

மார்கழி முதல் வாரத்தில் பார்சல் வந்தது. அனுப்பியவர் சாதாரண விங்கைப் போலச் சுருட்டி அமுக்கி அனுப்பியிருந்தார். முன் விளிம்புக்கு வடிவம் கொடுக்கும் நைலான் கம்பிகள் மூன்று அறைகளில் வளைந்திருந்தன. அவற்றைக் கையால் நீவி நேராக்கி, இரண்டு நாள் மடிக்காமல் தளர்வாகப் போட்டு வைத்தோம். துணியில் கிழிசல் இல்லை, தையல் பிரியவில்லை. லைன்கள் உறையில்லாத மெல்லிய அராமிட். ஒவ்வொன்றையும் விரலுக்கு நடுவில் ஓடவிட்டுப் பார்த்தோம். முடிச்சோ நைந்த இடமோ தட்டுப்படவில்லை.

ரிசர்வ் எனும் அவசரப் பாராசூட் இரண்டையும் பிரித்து, ஓர் இரவு காற்றாடவிட்டு, மறுபடி மடித்து, பைலட் உட்காரும் ஹார்னஸில் போட்டோம். பட்டறையின் இரும்பு உத்தரத்தில் ஹார்னஸைத் தொங்கவிட்டு அவரை உட்காரவைத்து, கண்ணை மூடியபடி வலக்கையாலும் இடக்கையாலும் கைப்பிடியைத் தேடி இழுக்கச் சொன்னேன். பத்து முறை. இந்தத் தயாரிப்பு முழுவதிலும் நாங்கள் குறையில்லாமல் செய்த வேலை இது ஒன்றுதான்.

ஸ்பீட் பாரின் கயிறு நீளத்தையும் அதே உத்தரத்தில் வைத்துச் சரிசெய்தோம். தொங்கும்போது ரைசரில் பறக்கும் பாரம் இருக்காது. அதனால் முழுதாக மிதித்தால் பிரேக் லைன் இறுகுகிறதா என்று அங்கே தெரியாது. காற்றில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டோம்.

லைன் நீளம் அளக்கவில்லை. அதற்கு நீளமான, காற்றில்லாத, தரை சமமான இடம் வேண்டும், கல்யாண மண்டபம்தான் வசதி. மார்கழி முழுக்க எங்களுக்குத் தெரிந்த மண்டபம் காலியாகக் கிடந்தது. அப்போது கேட்கத் தோன்றவில்லை. தோன்றியபோது தை பிறந்துவிட்டது, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் புக்கிங். அதற்குப் பதிலாக வலது ரைசரையும் இடது ரைசரையும் ஒரு கேட்டில் சேர்த்து மாட்டி, இரு பக்க லைன்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். இரண்டும் அச்சாக ஒத்துப்போயின. நிம்மதியாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே அளவு பிசகியிருந்தாலும் இப்படித்தான் ஒத்துப்போகும் என்பது அன்று உறைக்கவில்லை.

ஏரிக்குள் கிடைத்த முதல் அறிகுறி

மழை ஏமாற்றிய வருடம். அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஓர் ஏரி வறண்டு கிடந்தது. தை மாதம் முழுக்க சாயங்காலங்களில் அங்கே விங்கை எழுப்பிப் பழகினோம். அவருடைய சி விங், முன் ரைசரை லேசாகத் தூக்கினாலே விறுவிறுவென்று தலைக்கு மேல் வந்து நிற்கும். இது அப்படி வரவில்லை. முக்கால்வாசி ஏறி, பின்பக்கமாகச் சாய்ந்தபடி தயங்கியது. இரண்டு அடி பின்னால் ஓடினால்தான் மிச்சம் ஏறும்.

“அண்ணா, பின்னாடியே தொங்குது பாருங்க. மேல வரமாட்டேங்குது.”

“காத்து பத்தல தம்பி. ஏரிக் காத்து அப்படித்தான். மலைல எடுத்தா தானா ஏறும்.”

இது எங்கள் இருவருக்கும் அப்படியே நினைவிருக்கிறது. பின்வரிசை லைன் குறுகிய விங் காட்டும் பாடப்புத்தக அறிகுறி அதுதான். ஏ வரிசைதான் பாரத்தில் பெரும்பங்கைச் சுமக்கிறது, அதனால் அது லேசாக நீளும். பாரம் குறைந்த பி வரிசை ஈரம் பட்டுக் காயக் காயச் சுருங்கும். பின்பக்கம் குட்டையானால் விங்கின் மூக்கு நிமிரும், அது காற்றைச் சந்திக்கும் கோணம் கூடும். வேகம் குறையும், விங் பறப்பதையே நிறுத்திவிடும் ஸ்டால் புள்ளி பக்கத்தில் வந்துவிடும். இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன். என் சொந்த விங் ஒன்று முந்தின வாரம் அதே ஏரியில் சோம்பலாக ஏறியதைப் பார்த்திருந்ததால் காற்றின் மேல் பழியைப் போட்டேன்.

முதல் பறத்தல், தப்பாகப் போட்ட கணக்கு

பிப்ரவரி முதல் வாரம், காலை 8.30. இடம் மலையின் கிழக்குச் சரிவில் ஒரு காபி எஸ்டேட்டின் ஓரம், சுமார் 1350 மீட்டர் உயரம். உரிமையாளரின் அனுமதி இருந்தது. இறங்குமிடம் குப்பனூர்ப் பக்கம், மரவள்ளி பிடுங்கிய காடு ஒன்று. விமான நிலையம் காமலாபுரத்தில் இருப்பதால் மேற்குப் பக்கம் திரும்பவே கூடாது என்று வைத்திருந்தோம். கிழக்கிலிருந்து மெல்லிய காற்று, தெர்மல் (சூடேறி மேலெழும் காற்று) இன்னும் தொடங்கவில்லை. இருபது நிமிடம் அமைதியாகப் பறந்து இறங்கினார்.

காற்றோடு ஒரு முறை, காற்றுக்கு எதிராக ஒரு முறை பறந்து ஜிபிஎஸ் வேகத்தின் சராசரியை எடுக்கச் சொல்லியிருந்தேன். மணிக்கு 38 கி.மீ. வந்தது. தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் ட்ரிம் வேகம், அதாவது பிரேக்கையும் பாரையும் தொடாமல் போகும் வேகம், 39.5. அது 108 கிலோவுக்கு. விங்கின் எடை வரம்பு 95 முதல் 110 கிலோ வரை, அவர் அன்று ஆளும் சாமானுமாக 98. எடை குறைந்தால் வேகம் குறையும், எடை விகிதத்தின் வர்க்கமூலப்படி. கணக்குப் போட்டால் 37.6 வர வேண்டும். வந்தது 38. அப்பாடா என்று இருந்தது.

அந்தக் கணக்கில் ஒரு பாதி விடுபட்டிருந்தது. அவர் அளந்தது கிட்டத்தட்ட 1300 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்திலும் வெப்பத்திலும் காற்று அடர்த்தி குறைவு, அதனால் அதே விங் அதே எடையில் கடல் மட்டத்தைவிட சுமார் 9 சதவீதம் வேகமாகப் போக வேண்டும். அப்படியானால் 41 வந்திருக்க வேண்டும். 3 கி.மீ. குறைவு. நிஜமான குறையை உயரம் மறைத்துவிட்டது, எங்கள் கணக்கும் அதற்கு ஒத்துப்போனது. எண் ஒன்று நாம் எதிர்பார்த்தபடி வந்தால் அதற்கப்புறம் நாம் கேள்வி கேட்பதில்லை. இந்த ஆய்வை எழுதத் தூண்டியதே இந்த இடம்தான்.

அடுத்த முறை 7 கிலோ தண்ணீர் பாரம் சேர்த்து 105-இல் பறப்பது என்று முடிவு செய்தோம். காரணம் சரியானது. போட்டி விங் எடை வரம்பின் மேல் பக்கத்தில்தான் இறுக்கமாக நிற்கும், லேசாகப் பறந்தால் தொளதொளக்கும்.

சம்பவ நாள்

பிப்ரவரி கடைசி வாரம். காலை 11.40-க்கு அதே இடத்திலிருந்து கிளம்பினார். டேக்-ஆஃபில் விங் மறுபடி பின்னால் தயங்கியது, இரண்டாவது முயற்சியில் ஏறியது. கீழே புதிதாக உழுத செம்மண் காடுகள் சூடேறி, சரிவை ஒட்டி நல்ல தெர்மல் எழும்பிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் 1700 மீட்டருக்குப் போனார். உயரம் ஏறுவதைச் சொல்லும் கருவியான வேரியோவின் சத்தம் ரேடியோ வழியாகக் கேட்டது. குரலில் சந்தோஷம் தெரிந்தது.

எஸ்டேட் வரிசைக்கு மேலாக வடக்கு நோக்கி ஸ்பீட் பாரைப் பாதி மிதித்துக் கிளம்பினார். தரையிலிருந்து 450 மீட்டர் உயரம். தெர்மலின் ஓரத்தில் விங்கின் மூக்கு லேசாக ஆடியது. அவர் கை பி கைப்பிடிக்குப் போகவில்லை, பழக்கத்தில் பிரேக்கை இழுத்தது. ஹெல்மெட் கேமராவில் இது தெளிவாகத் தெரிகிறது. பாரை மிதித்த நிலையில் பிரேக் இழுத்தால் பின் விளிம்பு மட்டும் கீழே வளைந்து, மூக்கு உள்ளே மடங்க வழி செய்யும். வலது பக்கம் பாதிக்கு மேல் மடிந்தது.

பாரை விட்டார், அது சரி. வலது நுனி லைனுக்குள் சிக்கியது, விங் வலப்பக்கம் சுழல ஆரம்பித்தது. சுழற்சியை நிறுத்த இடது பிரேக்கை இழுத்தார். அவர் கை நெஞ்சு உயரத்துக்கு வந்தபோதே இடது பக்கமும் ஸ்டால் ஆகிவிட்டது. சி விங்கில் அந்த அளவு பிரேக் ஒன்றுமே செய்திருக்காது. ஏற்கெனவே மூக்கு நிமிர்ந்திருந்த விங்கில் அதுவே அதிகப்படி. மறுபடி பறக்க ஆரம்பித்த பாதி விங், சிக்கிய நுனியைச் சுற்றி வேகமாகச் சுழன்றது.

நான் ரேடியோவில் ‘ரிசர்வ்’ என்று இரண்டு முறை கத்தினேன். அவர் அதைக் கேட்கவே இல்லை, தானாகத்தான் வீசினார். விங் மடிந்ததிலிருந்து ரிசர்வ் வீசியது வரை 11 விநாடி, இழந்த உயரம் 170 மீட்டர் என்று லாக் காட்டுகிறது. ரிசர்வ் விரிந்ததும் பாதி விங் எதிர்ப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. அப்படியே விட்டிருந்தால் இரண்டும் விலகி விலகி, ஆள் நடுவில் வேகமாக இறங்கியிருப்பார். பி லைன்களைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து விங்கை மடியில் சுருட்டினார். பட்டறை உத்தரத்தில் இதைச் சும்மா காட்டியிருந்தேன், பழகவில்லை. எப்படிச் செய்தோம் என்று அவருக்கே நினைவில்லை.

மரத்தில்

சுமார் ஐம்பது விநாடி இறங்கி, எஸ்டேட்டுக்குள் ஒரு சில்வர் ஓக் மரத்தில் மாட்டினார். தரையிலிருந்து ஆறு ஏழு மீட்டர். மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி. பக்கத்திலேயே மிளகு பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஒற்றை மூங்கில் ஏணியுடன் ஓடிவந்தார்கள். கணுவுக்குக் கணு கால் வைக்க மட்டும் இடம் விட்டு வெட்டிய மூங்கில் அது. வயதான ஒருவர் மேலே ஏறி, “தம்பி, ஆடாத. வாரை அறுக்காத. கயிறு வர்ற வரைக்கும் மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கோ” என்றாராம். மரத்தில் மாட்டியவர்கள் அவசரத்தில் தாங்களே கழன்று விழுந்துதான் அதிகம் அடிபடுகிறார்கள். அந்தப் பெரியவர் சொன்னதைவிடச் சரியாக நானும் சொல்லியிருக்க முடியாது. நான் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. அதற்குள் அவரை இடுப்புக் கயிறு கட்டி இறக்கியிருந்தார்கள்.

இடது மணிக்கட்டில் மயிரிழை முறிவு, முகத்தில் கீறல். ஐந்து வாரம் கட்டு. கொலுசுக்குப் பொடி வைத்து ஊதும் கை அது. ஐந்து வாரமும் பட்டறையில் அவர் தம்பிதான் உட்கார்ந்தார்.

மண்டபத்தில் அளந்தபோது

மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முகூர்த்தம் இல்லாத நாள், மண்டபம் கிடைத்தது. ரைசரை மேடைத் தூணில் கட்டினோம். தூணில் லேசர் மீட்டர். ஒவ்வொரு லைனாக மறுமுனையில் ஒரு கப்பி வழியாக ஐந்து கிலோ பாரம் தொங்கவிட்டு இழுத்து அளவெடுக்க வேண்டும். பாரத்துக்குத் தண்ணீர் கேன். அவர் கட்டுப் போட்ட கையோடு அதைப் பட்டறைத் தராசில் வைத்து, ஸ்பூனால் தண்ணீர் எடுத்து எடுத்து 5.000 கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தார். ஒருவர் இழுக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத என்று மூன்று பேர், ஐந்து மணி நேரம்.

பார்க்க வேண்டியது தனித்தனி நீளத்தை அல்ல, ஏ-க்கும் பி-க்கும் உள்ள வித்தியாசத்தை. அதைத் தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிட்டால் நாம் அளக்கும் முறையில் இருக்கும் பொதுப் பிசகு கழிந்துவிடும். நடுப்பகுதியில் பி வரிசை சராசரியாக 21 மி.மீ. குட்டை. நுனிக்குப் போகப் போக 9 மி.மீ. ஆகக் குறைந்தது. வலதுக்கும் இடதுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் எங்குமே இல்லை. கேட்டில் மாட்டிப் பார்த்தது ஏன் எங்களை ஏமாற்றியது என்பதற்கு இந்த ஒரு வரி போதும். பிரேக் லைனும் 30 மி.மீ. இறுக்கமாக இருந்தது. பாதி பார் மிதித்தபோதே பின் விளிம்பு லேசாக இழுபட்டிருக்க வேண்டும்.

இந்த வகை விங்கில் லைன் ரைசரோடு சேரும் வளையத்தில் சுற்றுகள் போட்டிருப்பார்கள். ஒரு சுற்றை அவிழ்த்தால் எங்கள் விங்கில் ஏறக்குறைய 10 மி.மீ. நீண்டது. நடுப்பகுதி பி லைன்களில் இரண்டு சுற்று, நுனியில் ஒன்று அவிழ்த்தோம். மறுபடி அளந்தபோது எல்லாம் 5 மி.மீ.க்குள் வந்துவிட்டது. மொத்தத் திருத்த வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் சாயங்காலம் அதே ஏரியில் நான் அந்த விங்கை எழுப்பினேன். காற்று தை மாதத்தைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ரைசரைத் தூக்கியதும் தயங்காமல் ஏறித் தலைக்கு மேல் நின்றது. அவர் கரையில் உட்கார்ந்திருந்தார். இருவருமே கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

என்ன மாறியிருக்கிறது

பிசகு விங்கில் மட்டும் இருந்ததாக நான் எழுதினால் அது பொய். ட்ரிம் சரியாக இருந்திருந்தாலும் அன்று பிரேக்குக்குப் போன கை பிரேக்குக்குத்தான் போயிருக்கும், மடிப்பும் வந்திருக்கலாம். ஆனால் நெஞ்சு உயரத்தில் ஸ்டால் ஆகியிருக்காது என்று நம்புகிறேன், மீட்க அவருக்கு இன்னும் சில விநாடி கிடைத்திருக்கும். புது விங், புது பார் அமைப்பு, புது எடை, நடுப்பகல் தெர்மல் என்று எல்லாவற்றையும் இரண்டே பறத்தலில் அவர் மேல் ஏற்றியது என் தவறு. எடையை மாற்றிய அன்று காலை 8.30-க்கே பறக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இப்போது பழைய விங் எது வந்தாலும் அளக்காமல் ஏரிக்குக்கூடக் கொண்டுபோவதில்லை. மண்டபக்காரரிடம் மார்கழியில் இரண்டு நாள் எங்களுக்கென்று சொல்லிவைத்திருக்கிறோம். வேகம் குறிக்கும்போது பக்கத்திலேயே உயரம், வெப்பம், எடை மூன்றையும் எழுதுகிறோம். பாரை மிதித்தபடி பி கைப்பிடியைப் பிடிக்கும் பழக்கத்தை உத்தரத்தில் தொங்கியே நூறு முறை செய்யச் சொல்கிறேன், பிரேக் கைப்பிடியை ரைசரிலேயே விட்டுவிட்டு. அது பழகாமல் டூ-லைனர் யாருக்கும் கொடுப்பதில்லை. யாராவது “பின்னாடி தொங்குது” என்றால் காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன் லேசர் மீட்டரை எடுக்கிறோம்.

அவர் கட்டுப் பிரித்தபின் சி விங்குக்குத் திரும்பினார். தண்ணீருக்கு மேலே வேண்டுமென்றே மடிப்பும் ஸ்டாலும் உண்டாக்கிப் பழகும் எஸ்ஐவி பயிற்சியை முடித்துவிட்டு வந்தார். இப்போது ஈஎன்-டி வகுப்பு டூ-லைனர் ஒன்றில் நாற்பது மணி நேரம் ஆகிறது. அந்தப் போட்டி விங் பட்டறைப் பரணில் நீளப் பையில் இருக்கிறது, கம்பி வளையாமல், மடிப்பு விழாமல். எப்போது இறக்கலாம் என்று அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் முதலில் மறுபடி அளப்போம்.